பீலிக்காட்டுக்கு ஆதாரம்

கல்லோடைத் தோட்டம், மேல் டிவிசன்,
அப்புத்தளை.
15.01.2024

சுலோஜனா அக்காவுக்கு,

எட்டு மாதமாக நான் எழுதவில்லை. நீங்கள் போனில் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. பேசினால் ஒன்று அழுவேன், இல்லாவிட்டால் ஏசுவேன். இரண்டுக்கும் இப்போது நேரமில்லை. அதனால்தான் கடிதம்.

போன திங்கட்கிழமை பிரதேச செயலகத்தில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். பீலிக்காடு ஆறு ஏக்கரையும் ஒரு கொழும்புக் கம்பனி குத்தகைக்கு எடுத்து, பதினாறு விடுதி அறை கட்டப்போகிறதாம். ஆட்சேபனை இருந்தால் பெப்ரவரி 22க்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. போன வருடம் மார்ச்சிலேயே இந்தப் பைல் பதுளையில் உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. அதன் பிறகும் இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு அதே காட்டில் உட்கார்ந்து குருவி பார்த்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் வவுனியாவுக்கு மாற்றமாகிப் போன பிறகு, இன்னொருவர் வாயால் கேள்விப்பட்டேன். எழுதிவிட்டேன். இனி விஷயம்.

அந்தக் காட்டு ஓடையிலிருந்துதான் வரிசையாக நிற்கும் எங்கள் நாற்பத்திரண்டு லயத்து வீடுகளுக்கும் பீலிக் குழாயில் தண்ணீர் வருகிறது. பிள்ளைக்காம்பராவில், தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் என்னிடம் விட்டுப்போகும் இருபத்து மூன்று குழந்தைகளும் அதைத்தான் குடிக்கிறார்கள். மரத்தை வெட்டினால் ஊற்று வற்றிவிடும்.

இம்மாதம் ஆறாம் தேதி காலை, குழாய் வாயில் அடைத்திருந்த இலையை எடுக்கப் போனேன். எதிர்ப் பாறையில் கறுப்பாக ஒரு குருவி. மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. திரும்பும்போது தோளில் நீலம் மின்னியது. சைக்கிள் பிரேக் பிடித்தது போல மெல்லிசாக ஒரு சத்தம். ஆறு வருடம் நாம் தேடிய குருவி அதுதான் என்று நினைக்கிறேன். வேறு எந்தக் குருவிக்கும் அந்த நீலம் இல்லை.

செயலகத்தில் சொன்னேன். லிகிதர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "அம்மா, நீங்க பாத்தேன்னு சொல்றத நான் பைல்ல எங்க ஒட்டுறது? படம் குடுங்க, இல்லாட்டி சத்தம் குடுங்க. தேதி, நேரம், எடம் எல்லாம் வேணும்."

அதற்காகத்தான் கேட்கிறேன். நான் எதை வாங்க வேண்டும்? ஸ்டேசன் பக்கத்தில் பர்ஹான் கடையில் பழைய பைனாகுலர் ஒன்று இருக்கிறது. இருபது மடங்காம். "அக்கா, இதுல பாத்தா எல்ல ஸ்டேசன்ல ரயில்ல தொங்குற வெள்ளக்காரன்ட பல்லு தெரியும்" என்கிறான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே சிலந்தி வலை போல வெள்ளையாக என்னவோ இருக்கிறது. என் வீட்டுக்காரர் இராசையா, "இருவது மடங்கா? வீட்டுக்குள்ள வச்சு என்னப் பாத்துறாத, பயந்துருவ" என்கிறார். அவர் சிரிக்கட்டும். நீங்கள் சரியாகச் சொல்லுங்கள்.

ஜெயலெட்சுமி


வவுனியா.
21.01.2024

அன்பின் ஜெயா,

உமது கையெழுத்தைக் கடித உறையில் கண்டதும் அலுவலகத்தில் வைத்துத் திறக்கவில்லை. அறைக்குக் கொண்டுவந்துதான் படித்தேன்.

பர்ஹானின் கண்ணாடியை வாங்க வேண்டாம். இருபது மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி உமது கை நடுக்கத்தையும் இருபது மடங்காகக் காட்டும். தாங்கி இல்லாமல் அதில் ஒரு கிளையைக்கூட நிறுத்திப் பார்க்க முடியாது. உள்ளே இருப்பது பூஞ்சணம். அப்புத்தளை மூடுபனிக்கு அது பரவுமே தவிரக் குறையாது. கண்ணாடியில் இரண்டு இலக்கம் எழுதியிருக்கும். முதலாவது எத்தனை மடங்கு என்பது. இரண்டாவது முன் வில்லையின் அகலம். எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பது அதில் இருக்கிறது. பீலிக்காட்டில் காலை ஆறு மணிக்கு இருட்டு. அதற்கு எட்டும் நாற்பத்திரண்டும்தான் பொருத்தம். பத்து மடங்கு வெட்டவெளியான மலைக்குச் சரி, பள்ளத்துக்குச் சரிவராது.

ஆனால், கண்ணாடியில் பார்த்ததையும் பைலில் ஒட்ட முடியாது. அதில் உமது லிகிதர் சொன்னது சரி. கமராவும் உதவாது. நீண்ட வில்லை உள்ள கமரா நமது சக்திக்கு அப்பாற்பட்டது. போன் கமராவில் அந்த இருட்டில் கறுப்பு மைச்சிந்தல்தான் விழும். இந்தப் பறவையைப் பார்ப்பவர்கள் குறைவு, கேட்பவர்கள்தான் அதிகம். எனவே சத்தத்தைப் பிடிப்பதுதான் வழி. என்னுடைய சிறிய ரெக்கோடரைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மேலே உள்ள பஞ்சு உறையைக் கழற்ற வேண்டாம், காற்றிரைச்சலைத் தடுப்பது அதுதான். சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் தேதி, நேரம், இடம் மூன்றையும் உமது வாயால் சொல்லும். பிறகு மூச்சுக்கூடப் பெரிதாக விடக் கூடாது. கொப்பியில் பென்சிலால் எழுதும். பேனா மை பனியில் ஊறிவிடும்.

கடையில் விற்கும் சிங்களப் பறவைப் புத்தகத்தில் நல்ல நிழற்படங்கள் இருக்கின்றன. ஆனால் நிழற்படம் ஒரு பறவையை ஒரு வெளிச்சத்தில்தான் காட்டும். வரைந்த படத்தில் ஆண், பெண், குஞ்சு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆகவே என் ஆங்கிலப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். தமிழ்ப் பெயர் அதில் இல்லை. சீழ்க்கைப் பூங்குருவி என்று நானாகவே எழுதினேன்.

அதன் குரலை இராசையா அண்ணரின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். வீட்டில் போட்டுக் கேட்டுக் காதுக்குப் பழக்கும். காட்டில் மட்டும் போடக் கூடாது. வேறொரு பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டதென்று நினைத்து அது தீனியை விட்டுவிட்டுச் சண்டைக்குத் திரியும்.

தண்ணீருக்காக லயத்து ஆட்களிடம் கையொப்பம் வாங்கும். இரண்டையும் ஒரே பைலில், ஒரே முகப்புக் கடிதத்தின் கீழ் வைப்போம். மெல்லிய பைலை மேசைக்கு மேசை தள்ளிவிடுவார்கள். கனத்த பைலைத்தான் திறந்து பார்ப்பார்கள். இருபத்தாறு வருடத்தில் நான் கண்டது இது.

நீர் முதலில் எழுதிய விஷயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பைல் இரகசியக் கோவை. உத்தியோகத்தர் வெளியில் சொல்லக் கூடாது. இதுதான் பதில் என்று எட்டு மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சுலோஜனா


மேல் டிவிசன்.
04.02.2024

சுலோ அக்காவுக்கு,

ரெக்கோடர் பழுதில்லாமல் வந்தது. முதலில் பிள்ளைக்காம்பராவில் பழகிப் பார்த்தேன். அழுத குழந்தைக்கே அதன் அழுகையைப் போட்டுக் காட்டினேன். வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு, இன்னும் பெரிதாக அழுதது.

காட்டுக்குப் பதினொரு காலை போய்விட்டேன். ஐந்தரைக்குப் போய், ஆறேமுக்காலுக்கு இறங்கினால்தான் ஏழு மணிக்குக் காம்பராவைத் திறக்க முடியும். பதினொரு நாளும் கிடைத்தது குழாய்த் தண்ணீர்ச் சத்தம், தவளை, தூரத்தில் கொழும்பு பஸ்ஸின் ஹார்ன், அட்டைக் கடி. ஒரு நாள் கறுப்பாக என்னவோ பாறையிலிருந்து தாவியது. அது என்ன என்று பார்க்க எனக்குக் கண்ணாடி இல்லை. ரெக்கோடரைக் கையில் பிடித்துக்கொண்டு முழித்தேன். கோபப்படாதீர்கள் அக்கா, எனக்குப் பார்க்க வேண்டும். ஆதாரம் அவர்களுக்கு. எனக்கு அது அங்கே இருக்கிறதா என்று தெரிய வேண்டும். சில நேரம் ஆறாம் தேதி நான் பார்த்ததையே நம்ப முடியவில்லை.

நீங்கள் அனுப்பிய குரலைத் தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் கேட்கிறோம். இராசையா இருபத்திரண்டு வருடம் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர் பக்கத்தில் நின்றவர். பேச்சைச் சத்தமாகச் சொன்னால் கேட்கும். இந்த மெல்லிய சத்தம் அவருக்குச் சுத்தமாக விழவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, "எங்கடி பாடுது? ஊமக் குருவிய அனுப்பிட்டாங்களா?" என்றார்.

"பாடிக்கிட்டுத்தான் இருக்கு."

"பொய்."

"பக்கத்து வீட்டுக்காரங்கள கேளுங்க."

பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியே, "கேக்குதுண்ணே! நாலு நாளா அதத்தான் கேக்குறோம், போதும் நிப்பாட்டுங்க!" என்று சத்தம் வந்தது. அவர் போனை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். காதைப் பற்றி அவரிடம் யாரும் பேசக் கூடாது.

தானும் காட்டுக்கு வருகிறேன் என்று மூன்று நாளாகக் கேட்கிறார். "நீங்க நடந்தா குருவி இல்ல, குளவியே கூட்ட விட்டுட்டுப் போயிரும்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

கையொப்பம் நூற்றுப் பன்னிரண்டு கிடைத்தது. இன்னும் பதினெட்டு நாள்.

ஜெயா


மேல் டிவிசன்.
11.02.2024

அக்கா,

கிடைத்தது! நேற்றுச் சனிக்கிழமை, காலை ஆறு மணி ஐந்து நிமிடம். பனி கீழே இறங்கியிருந்தது, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எதிர்க் கரையிலிருந்து, பெரிய பன்னச் செடிப் புதருக்குப் பின்னால், அதே சத்தம். தேதி, நேரம், இடம் ஏற்கனவே சொல்லி முடித்து ரெக்கோடர் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து நிற்கவில்லை, கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடி. எண்ணினேன், ஐந்து தடவை. பிறகு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பொத்தானை அமர்த்தினேன்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். இராசையா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். கட்டியிருந்த சாரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. பீலிக்குப் போய் வந்ததாகச் சொன்னார்.

"கெடச்சிச்சா?"

"அஞ்சு தடவ!"

"அஞ்சா?" என்று கேட்டார். என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இது மூன்றாவது முறை.

ரெக்கோடரின் மெமரி கார்ட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையொப்பத் தாள்களும் உள்ளே இருக்கின்றன. நீங்கள் கேட்டுப் பார்த்து, அறிக்கையை உத்தியோகபூர்வமாக எழுதுங்கள். எனக்கு அந்தப் பாஷை வராது. பிழை இருந்தால் உடனே சொல்லுங்கள். இன்னும் நாள் இருக்கிறது, மறுபடி போவேன்.

உங்கள் மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். பாதி போய்விட்டது.

ஜெயா


வவுனியா.
16.02.2024

அன்பின் ஜெயா,

கார்ட் கிடைத்தது. கேட்டேன். அந்தப் பறவையின் குரல்தான்.

அறிக்கையை ஆறு பக்கத்தில் எழுதி, பதிவின் பிரதியையும் தண்ணீர் மனுவையும் சேர்த்து, ஒரே பைலாகக் கட்டி இன்று காலை அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை அவர்கள் கையில் இருக்கும். தொகுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.

தனிப் பொதியில் என்னுடைய கண்ணாடியை அனுப்புகிறேன். எட்டு, நாற்பத்திரண்டு. மழைக்குத் தாங்கும். கழுத்துப் பட்டியைக் குட்டையாகப் போடும், இல்லாவிட்டால் பாறையில் மோதும். இரவில் ஓர் அடைத்த டப்பாவுக்குள் வறுத்த அரிசிப் பொட்டலம் ஒன்றோடு வைத்தால் பூஞ்சணம் வராது. திருப்பி அனுப்ப வேண்டாம். இங்கே குளத்துப் பறவைகள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன.

வேறு எழுத இருந்தது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சுலோஜனா


மேல் டிவிசன்.
24.03.2024

சுலோஜனா அக்காவுக்கு,

புதன்கிழமை விசாரணை நடந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். கம்பனியின் சட்டத்தரணி ஒருவர். பறவைகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஹனா என்று ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும். எங்கள் லயத்திலிருந்து ஒன்பது பேர் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தோம். இராசையா என் பக்கத்தில்.

ஹனா தன் கணினியில் முதலில் என் பதிவைப் போட்டாள். அறை முழுக்க அந்தச் சத்தம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்து, பறவைக் குரல்கள் உள்ள போன் செயலியில் இருக்கும் இதே குருவியின் குரலைப் போட்டாள். நீங்கள் எங்களுக்கு அனுப்பியது அதுதான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ரெண்டாவது விசிலுக்குப் பிறகு ஒரு தவளை 'டொக்' எண்டு சத்தம் போடுது, கேட்டீங்களா? செயலியில அதே இடத்துல அதே தவள இருக்கு. உங்கட பதிவுல அஞ்சு தடவையும் இருக்கு." மறுபடி போட்டாள். டொக். மறுபடி போட்டாள். டொக்.

சட்டத்தரணி எழுந்து, "அப்போ அங்க இருக்கிறது குருவி இல்ல, போன்" என்றார். ஐந்து பேரில் மூன்று பேர் சிரித்தார்கள். எங்கள் ஆட்களில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சிரிப்பு வரும்படிதான் சொன்னார்.

தலைவர் பைலை மூடினார். பொய் ஆதாரம் வைத்த பைலில் உள்ள வேறு எதையும் நம்பி எடுக்க முடியாது என்றார். நான் எழுந்து, தண்ணீர் மனு வேறு, அதில் நூற்றுப் பன்னிரண்டு பேரின் கையொப்பம் இருக்கிறது என்றேன். "எல்லாம் ஒரே முகப்புக் கடிதத்தின் கீழ்தானே வந்திருக்கு?" என்றார். ஆமாம் என்றேன்.

வெளியே ஹனா என் பின்னாலேயே வந்தாள். "அக்கா, அந்த மாதிரி ஓடையில அந்தக் குருவி இருக்கும் எண்டுதான் நானும் நினைக்கிறன். ஆனா இத வச்சு என்னால ஒண்டும் செய்ய ஏலா." கண் கலங்கியிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை.

பஸ்ஸில் இராசையா, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "நாந்தான்."

"என்ன நீங்கதான்?"

"அன்னைக்கு அந்தக் கரையில நாந்தான் இருந்தேன். போன்ல போட்டா குருவி அதக் கேட்டு ஒன் பக்கம் வரும்னு நெனச்சேன். அமுக்கினேன், ஒண்ணும் கேக்கல. வேல செய்யலன்னு நெனச்சு மறுபடி அமுக்கினேன். அஞ்சு தடவ அமுக்கிட்டு, இது ஒதவாதுன்னு வந்துட்டேன்."

"நான் வந்து அஞ்சுன்னு சொன்னப்ப?"

"பக்குன்னு இருந்திச்சு. ஆனா ஒன் மொகத்தப் பாத்தேன்."

காட்டில் போடக் கூடாது என்று நீங்கள் எழுதியதை நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அவர் வரப்போவதில்லை என்பதால் அது அவருக்குத் தேவை என்று தோன்றவில்லை. அந்தப் பிழை என்னுடையது.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் குரல் ஆறு வருடம் உங்கள் போனில் இருந்தது. நூறு தடவையாவது கேட்டிருப்பீர்கள். என் கார்ட்டைக் கேட்டபோது அந்தத் தவளை உங்கள் காதில் விழுந்ததா, இல்லையா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

ஜெயலெட்சுமி


வவுனியா.
31.03.2024

ஜெயலெட்சுமிக்கு,

ஆமாம்.

ஒரு சொல் போதும் என்றீர். மிச்சத்தைப் படிக்காமல் விடுவதானால் விடலாம். ஆனால் எழுதாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

முதல் தடவை கேட்டபோதே தெரிந்தது. என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் விதுஷா, பறவை பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளை, பக்கத்தில் நின்றவள் கேட்டாள்: "அக்கா, உதுக்குள்ள ஒவ்வொருக்காலும் 'டொக்' எண்டு ஒரு சத்தம் வருதல்லே?" தவளை என்றேன். "எல்லா நேரமும் ஒரே மாதிரியோ?" என்றாள். தேத்தண்ணி போடச் சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

அன்று பெப்ரவரி பதினைந்து. இன்னும் ஏழு நாள் இருந்தது. உமக்கு அன்றே போன் எடுத்திருக்கலாம். நீர் எடுக்காவிட்டால் காம்பராவுக்கோ பர்ஹானின் கடைக்கோ எடுத்திருக்கலாம். ஏழு காலை கிடைத்திருக்கும். குறைந்தது தண்ணீர் மனுவையாவது பிரித்துத் தனியாக அனுப்பியிருக்கலாம்.

நீர் அந்தப் பறவையை ஆறாம் தேதி கண்டது உண்மை என்று எனக்குத் தெரியும். உண்மையான விஷயத்துக்குப் பொய்யான ஒரு தாள் போனால் என்ன, அலுவலகத்தில் நான் பார்க்காத பொய்த் தாளா என்று நினைத்தேன். அந்தத் தவளையை அங்கே யார் கவனிக்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். இதெல்லாம் பிறகு தேடிய காரணங்கள். முதல் காரணம் உமது கடிதத்தின் கடைசி வரி. பாதி போய்விட்டது என்று எழுதியிருந்தீர். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது பிழை, திரும்பக் காட்டுக்குப் போம் என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

பைலைப் பற்றிச் சொல்லாமல் இருந்தது வேலைக்காக. இதைச் சொல்லாமல் இருந்தது எனக்காக. இரண்டிலும் நட்டம் உமக்கும் அந்த நாற்பத்திரண்டு வீடுகளுக்கும்.

என்னிடம் விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பதிவு பிழையென்று தெரிந்தே அனுப்பினேன், ஜெயலெட்சுமிக்கு அது தெரியாது, தண்ணீர் மனு உண்மையானது என்று எழுதிக் கொடுத்தேன். அது என் உத்தியோகக் கோவைக்குத்தான் போகும், உங்கள் கோவையை மறுபடி திறக்காது. வேண்டுமானால் விசாரணைக்குழுத் தலைவருக்கும் எழுதுகிறேன்.

இராசையா அண்ணரை ஏச வேண்டாம். அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

சுலோஜனா


மேல் டிவிசன்.
12.05.2024

சுலோஜனா அக்காவுக்கு,

தலைவருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் பிரதி வந்தது. முடிந்த விசாரணை முடிந்ததுதான் என்று அவர்கள் எனக்கு அனுப்பிய பதிலும் வந்தது.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காலை அது என் காதில் விழுந்தது. இராசையா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், போன் வீட்டில் இருந்தது. புதுக் கார்ட்டில் இரண்டு நிமிடம் பதிவு செய்தேன். தவளை இல்லை. புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் செயலகத்துக்குக் கொண்டுபோனேன். அதே லிகிதர்தான். மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாள், அது தாண்டிவிட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, அதே ஆளு, அதே காடு, இன்னொரு சத்தம். நான் வாங்கி வச்சாலும் யாரு கேப்பாங்க, சொல்லுங்க?" என்றார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். கார்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

ஏப்ரல் 29ஆம் தேதி மரம் வெட்டத் தொடங்கினார்கள். வெட்டிய மரத்தை இழுக்க லயத்து ஆட்களுக்கே வேலை கொடுத்தார்கள். ஸ்டோர் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. இராசையாவும் போகிறார். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

உங்கள் கண்ணாடியை அதுவரை பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். நீங்கள் சொன்னது சரி. அந்த இருட்டில் எட்டு மடங்கு போதும். குழாய்க்கு மேலே இருக்கும் பாறை இடுக்கில், பாசியால் கட்டிய கூடு. கறுப்பு இல்லை, பழுப்பு நிறக் குருவி, தோளில் மட்டும் கொஞ்சம் நீலம். உங்கள் பிரதியில் பெண் என்று போட்டிருப்பது. உள்ளே இரண்டு குஞ்சு. கண் இன்னும் திறக்கவில்லை. பதினைந்து நிமிடம் பார்த்தேன். இவ்வளவு தெளிவாக எந்தக் குருவியையும் நான் பார்த்ததில்லை.

வெட்டு வேலையை மேற்பார்வை செய்யும் ஸனூஸ் என்பவரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "அக்கா, ரோட்டு இந்தப் பாறை மேலாலதான் வருது. வெள்ளிக்கிழம வரைக்கும் நான் தொட மாட்டன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வியாழக்கிழமை கம்பனி ஆள் வந்து சத்தம் போட்டபோதும் பாறைப் பக்கம் யாரையும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். குஞ்சுகளுக்கு இறகு குருத்துவிட்டிருந்தது, இன்னும் பறக்காது. எடுத்து வளர்க்கலாமா என்று யோசித்தேன். ஒவ்வொரு காலையும் எத்தனை தடவை தாய் புழு கொண்டுவந்தது என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். என்னால் ஆகாது என்று தெரிந்தது. அப்படியும் கையை நீட்டினேன். எட்டவில்லை.

எட்டரைக்கு மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. இராசையா அன்று பாறை தெரியாத மேற்பக்க வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பாறையைப் பெயர்க்க இருபது நிமிடம் எடுத்தது. குழாயும் அதோடு போனது. பத்து மணிக்கு லயத்துப் பீலியில் தண்ணீர் சிவப்பாக வந்தது, பிறகு நின்றது.

பிள்ளைக்காம்பரா வராந்தாவிலிருந்து அந்தப் பள்ளம் நேராகத் தெரியும். இடையில் இப்போது மரம் இல்லை. தாய்க் குருவி மூன்று தடவை வாயில் புழுவோடு வந்தது. பாறை இருந்த இடத்துக்கு மேலே சுற்றிவிட்டு, உடைந்த கல்லில் உட்கார்ந்து, பிறகு போனது. பதினொன்றே முக்காலுக்கு நாலாவது தடவை வந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

அதற்குள் குழந்தைகளுக்குச் சோறு கொடுக்கும் நேரமாகிவிட்டது. கண்ணாடியை மூடி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஜெயலெட்சுமி